தீயில் விளைந்த மாணிக்கம்

1. ஜெனீவாவிலிருந்து வந்த கற்கள்

1886-ஆம் ஆண்டு பாரிஸ் ரத்தின வியாபாரிகளின் தூக்கத்தைக் கெடுத்த ஆண்டு. அதற்கு முந்தைய வருடமே ஜெனீவா பக்கமிருந்து மாணிக்கங்கள் வரத் தொடங்கியிருந்தன. நல்ல சிவப்பு, நல்ல ஒளி. பர்மா மாணிக்கம் என்று நம்பி, அதற்குரிய விலையைக் கொடுத்தே வாங்கினார்கள். அதே நம்பிக்கையில் விற்கவும் செய்தார்கள்.

பிறகு யாரோ ஒருவர் லென்ஸை எடுத்துக் கல்லுக்குள் நிதானமாகப் பார்த்தார். உள்ளே மிகச் சிறிய காற்றுக் குமிழிகள். எல்லாம் உருண்டை.

வியாபாரிகளுக்கு வயிற்றைக் கலக்கியது இந்த உருண்டைதான். பூமிக்குள் விளைந்த மாணிக்கத்திலும் குறைகள் உண்டு. மெல்லிய ஊசிக் கீற்றுகள் இருக்கும், வேறு கனிமத்தின் துணுக்குகள் சிக்கியிருக்கும், ஆறிய விரிசல்கள் தெரியும். ஆனால் உருண்டைக் குமிழி அங்கே உருவாக வழியில்லை. குமிழி உருண்டையாக நிற்கிறது என்றால், அந்தக் கல் ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்திருக்க வேண்டும். பாறைக்குள் மெல்ல விளைந்த கல் அப்படி இருந்திருக்க முடியாது.

அப்படியானால் சிவப்புக் கண்ணாடியா? அதுவும் இல்லை. வியாபாரிகளின் சங்கம் கற்களை வேதியியல் அறிஞர் சார்ல்ஸ் ஃப்ரீடெலிடம் கொடுத்தது. அவர் கடினத்தைச் சோதித்தார். மாணிக்கத்துக்கு உரிய கடினம். எடை போட்டு அடர்த்தியைக் கணக்கிட்டார், மாணிக்கத்தின் அடர்த்தி. ஒளியைச் செலுத்திப் பார்த்தார். மாணிக்கம் எப்படி ஒளியை இரண்டாகப் பிரிக்குமோ அப்படியே பிரித்தது. எல்லாச் சோதனையிலும் கல் தேறியது, குமிழி ஒன்றைத் தவிர. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், டிஃபனி நிறுவனத்தின் ரத்தின நிபுணர் ஜார்ஜ் ஃப்ரெடெரிக் குன்ஸும் அதே கற்களை ஆராய்ந்து, இவை மனிதர் கையால் ஆனவை என்ற முடிவுக்கே வந்தார்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொடர் முழுவதற்கும் அது தேவைப்படும். மாணிக்கம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம் என்ற படிகம். அதில் கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவப்பு. சிவப்புக் கண்ணாடி ஒன்றை மாணிக்கம் என்று விற்றால் அது போலிக் கல், ஏனென்றால் அதற்குள் இருப்பது வேறு பொருள். ஜெனீவாக் கல்லுக்குள் இருந்ததோ அதே அலுமினியம், அதே ஆக்சிஜன், அதே குரோமியம், அதே படிக அடுக்கு. விளைந்த இடம் மட்டும் வேறு. இதுதான் செயற்கைக் கல். போலியும் செயற்கையும் ஒன்றல்ல. நகைக்கடைகளில் இன்றும் இந்த இரண்டையும் ஒரே தட்டில் போட்டுப் பேசுகிறார்கள். அது தவறு.

சங்கம் முடிவெடுத்தது: இந்தக் கற்களை விற்பவர்கள் செயற்கைக் கல் என்று சொல்லித்தான் விற்க வேண்டும். நேர்மையான முடிவு. ஆனால் அதற்குள் சந்தையில் வேறொரு கதை கிளம்பிவிட்டது. "இவை முழுச் செயற்கை இல்லை. உடைந்து போன இயற்கை மாணிக்கத் துண்டுகளைச் சேர்த்துத் தீயில் உருக்கி ஒன்றாக்கியவை" என்றார்கள். 'மறுவார்ப்பு மாணிக்கம்' என்ற பெயரே வழக்கத்துக்கு வந்துவிட்டது. பூமியில் பிறந்தது என்ற பெருமையில் ஒரு பங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் விலையிலும் ஒரு பங்கு ஒட்டிக்கொள்ளும் அல்லவா! அந்தக் கதையை உலகம் நம்பியது. ரத்தினவியல் புத்தகங்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அதையே எழுதின.

கதை உண்மையா? ஜெனீவாவில் உலைக்கு முன்னால் நின்றவர் உண்மையில் எதைத் தீயில் போட்டார்? பதிலுக்கு நாம் காத்திருக்க வேண்டும். ஏனென்றால் அதே பாரிஸ் நகரில், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில், அந்தக் கற்களை வேறு கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர்.

அவர் பெயர் ஓகஸ்ட் வெர்னூய். 1856-ல் வடக்கு பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் பேராசிரியர் எட்மண்ட் ஃப்ரெமியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். ஃப்ரெமிக்கு ஒரே கனவு, ஆய்வுக்கூடத்தில் மாணிக்கம் செய்ய வேண்டும். 1877-ல் கண்ணாடித் தொழில் அறிந்த ஃபீல் என்பவரோடு சேர்ந்து, அலுமினாவையும் (அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது) ஈய ஆக்சைடையும் மண்மூசையில் இட்டு நாள்கணக்கில் காய்ச்சினார். மூசையை உடைத்தபோது உள்ளே சிவப்புப் படிகங்கள் மின்னின. மாணிக்கமேதான். ஆனால் மெல்லிய தகடுகள். பட்டை தீட்டி மோதிரத்தில் வைக்க ஆகாது. பிறகு வெர்னூயும் கூடச் சேர்ந்து வேறு உப்புகளைக் கொண்டு முயன்றார்கள். படிகங்கள் இன்னும் தெளிவாக வந்தன, ஆனால் பெரிதாக வளரவில்லை. 1891-ல் ஃப்ரெமி தன் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகவே வெளியிட்டார்.

குரு மூசையை நம்பினார். சீடரின் மனம் ஜெனீவாக் கல்லின் குமிழியிலேயே நின்றது. உருகி வந்த கல் அது. அப்படியென்றால் மூசை எதற்கு, உப்பு எதற்கு, நாள்கணக்கில் காத்திருப்பு எதற்கு? தீ ஒன்றே போதாதா?

1891-ல் வெர்னூய் பாரிஸ் அறிவியல் அகாதமிக்குச் சென்று முத்திரையிட்ட உறை ஒன்றை ஒப்படைத்தார். அடுத்த வருடம் இன்னொன்று. எழுதியவர் கேட்டுக்கொள்ளும்வரை யாரும் பிரிக்கக் கூடாது என்பது அகாதமியின் வழக்கம். அந்த இரண்டு உறைகளும் 1910 வரை மூடியே கிடந்தன.

உறைகளுக்குள் என்ன இருந்தது?

(அடுத்த வாரம்)

2. தகர டப்பாவும் சுத்தியலும்

உறைகளுக்குள் இருந்தது ஒரு உலையின் விவரம். உலை என்றதும் செங்கல் சூளையைக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு மேஜைமேல் அடங்கிவிடும் கருவி அது.

மேலே ஒரு தகர டப்பா. அதன் அடிப்பாகம் நுண்ணிய வலை. டப்பாவுக்குள் அலுமினா மாவு, அதில் கொஞ்சம் குரோமியம். மாவு எங்கிருந்து வந்தது தெரியுமா? படிகாரத்திலிருந்து. அம்மோனியப் படிகாரத்தைத் திரும்பத் திரும்ப நீரில் கரைத்துப் படியவைத்துச் சுத்தம் செய்து, சிறிது குரோமியப் படிகாரம் சேர்த்து, கடுமையாகச் சுட்டால் மற்றதெல்லாம் ஆவியாகிப் போய் மிருதுவான மாவு மிஞ்சும். சுத்தம்தான் இதில் உயிர். கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலும் நிறம் கெட்டுவிடும், கல் விரிசல் விடும்.

டப்பாவின் தலையில் ஒரு சிறு சுத்தியல் விட்டுவிட்டுத் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிட்டிகை மாவு வலை வழியே கீழே இறங்கும். இறங்கும் குழாயில் ஆக்சிஜன் ஓடுகிறது. மாவை அதுவே சுமந்துகொண்டு போகும். அதைச் சுற்றியுள்ள வெளிக் குழாயில் எரிவாயு. இரண்டும் குழாய்களின் வாயில் சந்திக்கிற இடத்தில், தலைகீழாகக் கீழ்நோக்கி எரிகிறது தீ. குருந்தம் உருகச் சுமார் 2050 டிகிரி செல்சியஸ் வேண்டும். மாவு தீயைக் கடக்கும் அந்த நொடியில் உருகி, கீழே உள்ள சிறு மேடையில் துளியாக விழுகிறது.

விழுந்ததெல்லாம் கல்லாகிவிடாது. ஜெனீவாக்காரர்களையும் ஃப்ரெமியையும் தாண்டி வெர்னூய் நின்ற இடம் இதுதான். மூன்று விஷயங்களை அவர் கண்டுகொண்டார். கல் கீழிருந்து மேலாக, மெல்லிய அடுக்குகளாக மட்டுமே வளர வேண்டும். தீயின் எந்தப் பகுதியில் வெப்பம் ஒரே சீராக இருக்கிறதோ, அங்கேதான் கல்லின் தலை எப்போதும் நிற்க வேண்டும். மூன்றாவது விஷயம்தான் முக்கியம். கல்லுக்கும் மேடைக்கும் உள்ள தொடர்பு, முடிந்த அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். தொடர்பு பெரிதாக இருந்தால் ஆறும்போது மேடை ஒரு பக்கம் சுருங்கும், கல் ஒரு பக்கம் சுருங்கும், கல் நொறுங்கிவிடும்.

ஆகவே முதலில் தீயை அடக்கி வைப்பார். மேடையில் மாவு ஒரு சிறு கூம்பாகக் குவியும். பிறகு ஆக்சிஜனைக் கூட்டுவார். கூம்பின் நுனி மட்டும் உருகும். அந்த நுனியிலிருந்து மெல்லிய காம்பு ஒன்று எழும். ஆக்சிஜனை இன்னும் கூட்டினால் காம்பின் தலை அகன்று, பருத்து வளரத் தொடங்கும். வளர வளர, மேடையைத் திருகாணியால் மெல்ல மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வர வேண்டும், கல்லின் தலை தீயின் அதே இடத்தில் நிற்கும்படி. கண்ணை எடுக்க முடியாது. இரண்டு மணி நேரம். தீயைச் சட்டென்று அணைத்தால், மேடைமேல் காம்பு குறுகித் தலை பருத்த ஒரு சிவப்பு உருளை. எடை 12 முதல் 15 காரட்.

அந்த உருளையை அப்படியே பட்டை தீட்ட முடியாது. தலைப்பக்கம் தீயில் இருந்தபோது காம்புப்பக்கம் ஆறிக்கொண்டிருந்ததால், உள்ளுக்குள் இழுவிசை முறுக்கேறி நிற்கிறது. அதைத் தீர்க்க ஒரு வழி உண்டு: காம்பில் ஒரு தட்டு. உருளை நெடுக்கில் இரண்டு பாதியாகப் பிளந்துவிடும். இரண்டு பாதிகளும் இறுக்கம் தீர்ந்து, பட்டை தீட்டத் தயாராகிவிடும். இத்தனை பாடுபட்டு வளர்த்த கல்லைப் பிளந்தால்தான் அது பிழைக்கும். இன்றைக்கும் இந்த முறையில் வளரும் உருளையைப் பிளந்தே விற்கிறார்கள்.

1902-ல் வெர்னூய் தன் முறையை அகாதமியில் அறிவித்தார். 1904-ல் முழு விவரத்தையும் எழுதி அச்சில் போட்டுவிட்டார். அளவு, கருவி, பக்குவம் எதையும் ஒளிக்கவில்லை. படித்தவர்கள் எல்லாரும் உலை கட்டினார்கள். 1907-ல் ஒரு வருடத்து உற்பத்தி 1,000 கிலோ. ரத்தினத்தைக் கிலோவில் எடைபோடுவது அதற்கு முன் யாரும் கேள்விப்படாதது. காரட்டில் சொன்னால் 50 லட்சம். 1912-ல் அது 3,200 கிலோ ஆனது.

பர்மாவில் மோகோக் மாணிக்கச் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்து, ராத்ஸ்சைல்ட் குடும்பத்தின் ஆதரவோடு 1889-ல் லண்டனில் தொடங்கப்பட்ட கம்பெனி ஒன்று இருந்தது. இயற்கை மாணிக்கத்தின் விலை சரிந்தபோது அது தள்ளாடியது. சரிவுக்கு உலை மட்டுமே காரணம் என்று எழுதிவிடலாகாது. 1907-ல் அமெரிக்காவில் வெடித்த நிதி நெருக்கடிக்கும் அதில் பங்குண்டு. ஆனால் வாங்குபவர் மனத்தில் "இது சுரங்கத்துக் கல்தானா?" என்ற சந்தேகம் நுழைந்துவிட்டது. சந்தேகம் நுழைந்த சரக்குக்கு விலை நிற்காது. 1925-ல் கம்பெனி கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. 1931-ல் குத்தகையையும் திருப்பிக் கொடுத்தது.

உலை மாணிக்கம் நகையோடு நிற்கவில்லை. கைக்கடிகாரத்தின் முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருந்ததை எச்.எம்.டி. கட்டிய தலைமுறை மறந்திருக்காது. பல்சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழலத் தாங்கி நிற்கும் அந்தக் கற்கள் செயற்கை மாணிக்கங்கள். 1960 மே 16-ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரைச் செய்துகாட்டியதும் இளஞ்சிவப்புச் செயற்கை மாணிக்கக் கம்பி ஒன்றைக் கொண்டுதான். பூமி தரும் மாணிக்கம் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு ஒரே சீராகக் கிடைப்பது அபூர்வம்.

சிவப்பு கைவசமாகிவிட்டது. அடுத்தது நீலம்.

எளிதாகத்தான் தோன்றியது. மாணிக்கமும் நீலக்கல்லும் உடன்பிறப்புகள், இரண்டும் குருந்தம். குரோமியத்தை எடுத்துவிட்டு நீலம் தரும் உலோகம் ஒன்றைப் போட்டால் முடிந்தது வேலை. நீலம் தருவது எது? கண்ணாடிக்காரர்களும் பீங்கான்காரர்களும் காலம் காலமாக அறிந்தது கோபால்ட். வெர்னூய் மாவில் கோபால்ட் கலந்தார். உருளை வளர்ந்தது. நிறமோ திட்டுத்திட்டாக நின்றது; ஒரு இடத்தில் அடர்நீலம், பக்கத்திலேயே வெறும் வெள்ளை. அலுமினாவின் படிக அடுக்குக்குள் கோபால்ட் சீராக உட்கார மறுத்தது. அளவை மாற்றினாலும் அதே கதை.

பிறகு ஒரு வழி கிடைத்தது. மாவில் கொஞ்சம் மக்னீசியம் ஆக்சைடையும் சேர்த்தால் கோபால்ட் ஒழுங்காகக் கலக்கிறது! 1908-ல் லூயி பாரிஸ் என்ற ஆய்வாளர் இந்த வழியில் அழகான நீலக்கல்லை உண்டாக்கினார். திட்டு இல்லை, கலங்கல் இல்லை. சந்தையில் அதற்கு 'ஹோப் சஃபையர்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

கல் சோதனைக்குப் போனது. நீலக்கல் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பக்கமிருந்து பார்த்தால் ஒரு நீலம், திருப்பினால் இன்னொரு நீலம். இந்தக் கல் ஒளியைப் பிரிக்கவே இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே நீலம். கடினம் 9 இருக்க வேண்டிய இடத்தில் 8. அடர்த்தி 4 இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 3.6.

உலையிலிருந்து வந்தது நீலக்கல்லே இல்லை.

(அடுத்த வாரம்)

3. இரும்பும் டைட்டானியமும்

மக்னீசியம் செய்த வேலை அது. நிறத்தைச் சீராக்கும் என்று நம்பிச் சேர்த்த மக்னீசியம் அலுமினாவோடு சேர்ந்து படிகத்தையே மாற்றிவிட்டது. வந்தது ஸ்பைனல் என்ற வேறொரு ரத்தினம். நீலத்தைத் தேடிப்போனவர்கள் ஸ்பைனலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதுவும் பயனில்லாமல் போகவில்லை என்பதைப் பிறகு பார்ப்போம்.

இதற்குள் நியூயார்க்கின் ஹெல்லர் நிறுவனம் வெர்னூயை நீலக்கல் ஆய்வுக்கு அமர்த்திக்கொண்டது. இப்போது அவர் செய்த காரியம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. உலையை ஓரமாக வைத்துவிட்டு, பூமி தந்த நீலக்கற்களையே எடுத்துப் பகுத்துப் பார்த்தார். கோபால்ட் இல்லை. மாறாக இரும்பும் டைட்டானியமும் இருந்தன. இரண்டுமே மிகச் சிறிய அளவில்.

இரும்பை மட்டும் கலந்தால் நீலம் வராது. டைட்டானியத்தை மட்டும் கலந்தாலும் வராது. இரண்டையும் சேர்த்தால் உலையிலிருந்து இறங்குகிறது அசல் நீலம். காரணத்தை அறிவியல் பிற்காலத்தில்தான் விளக்கியது. படிகத்துக்குள் இரும்பும் டைட்டானியமும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும்போது, உள்ளே நுழையும் ஒளி இரும்பிலிருந்து ஒரு எலெக்ட்ரானை டைட்டானியத்துக்குத் தாவ வைக்கிறது. அந்தத் தாவலுக்கு ஒளியின் மஞ்சளும் சிவப்பும் செலவாகிவிடுகின்றன. மிஞ்சி வெளியே வருவது நீலம். 1911-ல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இரண்டே ஆண்டில், 1913 ஏப்ரலில், வெர்னூய் காலமானார். வயது 56.

அடுத்த ஆண்டு, ஆர்மீனியரான ஹ்ரான்ட் ஜெவாஹிர்ஜியான் சுவிட்சர்லாந்தின் மாந்தே ஊரில் ஆலை தொடங்கினார். செயற்கைக் கல் தொழிலின் தலைநகரம் பாரிஸிலிருந்து ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக்கு நகர்ந்தது. நிறங்களும் ஒவ்வொன்றாகப் பிறந்தன.

குரோமியத்தைக் குறைத்தால் இளஞ்சிவப்பு. எதுவும் கலக்காவிட்டால் நீரோட்டமுள்ள வெள்ளைக் குருந்தம். ஒரு காலத்தில் வைரத்தின் இடத்தில் வைத்துக் கட்டியது அதைத்தான். நிக்கல் கலந்தால் மஞ்சள். நம் கடைகளில் கனகபுஷ்பராகம் என்று கேட்டு வாங்கும் கல்லின் நிறம். நிக்கலோடு குரோமியமும் சேர்ந்தால் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் குழைந்த பத்மராக நிறம். இலங்கையின் ரத்தினபுரி மண்ணில் அபூர்வமாகக் கிடைக்கும் அந்த நிறத்துக்காக உலகம் இன்றும் பெரும் விலை கொடுக்கிறது. வனேடியம் கலந்தால் பகல் வெளிச்சத்தில் நீலம் கலந்த சாம்பல், விளக்கொளியில் ஊதா. அலெக்ஸாண்ட்ரைட் என்று சொல்லிச் சுற்றுலாப் பயணிகள் தலையில் கட்டப்பட்ட கற்களில் பெரும்பாலானவை இந்த வனேடியக் குருந்தம்தான்.

தற்செயலாக வந்த ஸ்பைனலுக்கும் வேலை கிடைத்தது. அதில் கோபால்ட் மகிழ்ச்சியாக அமர்ந்துகொள்ளும். கொஞ்சமாகச் சேர்த்தால் கடல்நீர் நிறத்து அக்வாமரைன் சாயல், கூட்டினால் நீலக்கல் சாயல். குரோமியம் சேர்த்தால் பச்சை. விலை மலிவான மோதிரங்களில் பிறந்த மாதக் கல் என்று பதித்தவற்றில் பல இந்த ஸ்பைனல்கள்.

மரகதம் மட்டும் இந்தத் தீக்கு வசப்படவில்லை. அதை உருக்கினால் மீண்டும் மரகதமாகப் படியாது, கண்ணாடியாகிவிடும். அதற்கு ஃப்ரெமியின் பழைய மூசை வழிக்கே திரும்ப வேண்டியிருந்தது. 1930-களில் சான் ஃப்ரான்சிஸ்கோவில் கரோல் சாத்தம் மரகதத்தை வளர்த்துக் காட்டினார். நாம் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று அழைக்கும் ஸர்கோனியக் கல்லைத் தொழில்முறையில் வளர்க்கும் வழியைக் கண்டவர்கள் மாஸ்கோவின் லெபடேவ் இயற்பியல் நிறுவனத்தார், 1970-களின் தொடக்கத்தில். அதில் சீரியம் கலந்தால் மஞ்சளும் ஆரஞ்சும், எர்பியம் கலந்தால் ரோஜா நிறம், நியோடிமியம் கலந்தால் இளம் ஊதா.

இந்த உருளைகள் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தன. திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது தலைமுறைகளாக நடந்துவரும் குடிசைத் தொழில். மேட்டுப்பாளையத்தில் சுவிஸ் கூட்டுறவோடு செயற்கைக் கல் ஆலையே இயங்கியது. ஒரு குச்சியின் முனையில் அரக்கால் கல்லை ஒட்டி, சுழலும் சாணையில் ஒவ்வொரு பட்டையாக வைத்து எடுக்கும் அந்தக் கைகளின் கணக்கு பிசகாது. கோணம் கொஞ்சம் தவறினால் ஒளி கல்லுக்கு அடியில் ஒழுகிப்போகும். நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகளில், பரதநாட்டிய மேடைக்கான நெற்றிச்சுட்டியிலும் ஒட்டியாணத்திலும் பதியும் சிவப்புக் கெம்புகளிலும் செயற்கைக் கல்லின் பங்கு உண்டு. அந்த நகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. செயற்கைக் கல் பதித்ததால் அதன் வேலைப்பாட்டின் மதிப்பு ஒரு குன்றிமணியும் குறையவில்லை.

சரி, ஜெனீவாவுக்குத் திரும்புவோம். உலைக்கு முன்னால் நின்றவர் எதைத் தீயில் போட்டார்?

விடை வந்தது 1969-ல். வேதியியலாளர் குர்ட் நஸாவ், ரத்தின நிபுணர் ராபர்ட் கிரவுனிங்ஷீல்டோடு சேர்ந்து பழைய 'மறுவார்ப்பு' மாணிக்கங்களைத் தேடி எடுத்து ஆராய்ந்தார். கதையில் சொன்னபடி இயற்கை மாணிக்கத் துண்டுகளைத் தீயில் வைத்தும் பார்த்தார். தெளிவான மாணிக்கம் அந்த வழியில் வரவில்லை. ஜெனீவாக் கற்கள் சுத்தம் செய்த அலுமினா மாவையும் குரோமியத்தையும் தீயில் படிப்படியாக உருக்கி வளர்த்தவை. இயற்கை மாணிக்கம் அதில் துளிகூட இல்லை. ஆகவே வெர்னூய்க்கு முன்பே ஒருவர் தீயில் மாணிக்கம் வளர்க்கும் வழியைக் கண்டிருக்கிறார். அவர் தன் பெயரை மறைத்தார், பொருளை மறைத்தார், துண்டுகளின் கதையைப் பரவ விட்டார். அவர் யார் என்பது வரலாற்றில் பதிவாகவில்லை. தன் கல்லை அதன் பெயரிலேயே உலகத்துக்குக் கொடுத்த வெர்னூயின் பெயரால்தான் அந்த முறை இன்றும் வழங்குகிறது.

வீட்டில் பாட்டி காலத்து மாணிக்க மோதிரம் இருந்தால், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கல்லுக்குள் கிராமபோன் இசைத்தட்டின் கோடுகள் போல வளைந்த மெல்லிய வரிகள் தெரிந்தால் அது தீயில் விளைந்தது. உருளையின் தலை வளைவாக இருந்ததால் ஒவ்வொரு அடுக்கும் அந்த வளைவிலேயே உறைந்திருக்கிறது. பூமியில் விளைந்த கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடி, கோணமாக மடங்கும். வளைவு இராது. வளைவு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதாலேயே இயற்கை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிற்கால முறைகளில் வளர்ந்த கற்களில் இந்த வரிகள் இருப்பதில்லை. அங்கே ஆய்வகச் சான்றிதழ்தான் கதி.

பாட்டி காலத்துக் கல் என்பதாலேயே அது சுரங்கத்துக் கல்லாகிவிடாது. உலை மாணிக்கத்துக்கே நூற்றிருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. வரிகள் வளைந்திருந்தால் வருந்தவும் வேண்டாம். அது மாணிக்கம்தான்.

ஆனால் புதிதாக வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள். கல் இயற்கையா, செயற்கையா என்று வாயால் சொன்னால் போதாது. பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். செயற்கை என்றால் செயற்கைக்குரிய விலையைக் கொடுத்து மனநிறைவோடு வாங்குங்கள். இயற்கை என்று வாயால் சொல்லிவிட்டு எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

(நிறைவு)